கதைக்குள் கேட்ட சம்மதம்

அத்தியாயம் 14

சனிக்கிழமை காலை ரீக்கா காபியை இரண்டு தடவை சூடாக்கினாள். இரண்டு தடவையும் குடிக்க மறந்தாள்.

முந்தின நாள் சாயங்காலம், இணையத்தில் அவளோடு கதை எழுதும் ஹில்ப்பா போன் செய்து அழுததை அவள் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் வீடு இரண்டுபடும். சொல்லாமல் விழுங்கிவிடலாம் என்றால் அது தொண்டையைத் தாண்டவே மாட்டேன் என்கிறது.

இந்த வாரம்தான் நம்மோடு சேர்ந்துகொண்டவர்களுக்கு ஒரு வார்த்தை. ரீக்காவுக்கு நாற்பத்தெட்டு வயது. பின்லாந்தின் வாசா நகரத்தில் ஒரு பல் மருத்துவரிடம் வரவேற்பு மேஜையில் உட்காருகிறாள். அது சம்பளத்துக்கு. அவள் உயிர் இருப்பது 'வெளிச்சக்கரை'யில். அது இணையத்தில் இருக்கும் ஒரு பழங்காலத் துறைமுக ஊர். உள்ளே வருகிறவர்கள் ஆளுக்கு ஒன்றிரண்டு வேஷம் எடுத்துக்கொள்ள வேண்டும். ஒருவர் தன் வேஷத்துக்காக நாலு வரி எழுதினால், அடுத்தவர் தன் வேஷத்தின் வாயால் பதில் எழுதுவார். அப்படியே கதை ஓடும். கதைக்கு ஆசிரியர் கிடையாது. சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். மற்றவர்கள் சீட்டாட்டத்துக்கும் ஐஸ் ஹாக்கிக்கும் கொடுக்கிற நேரத்தைத்தான் இவர்கள் இதற்குக் கொடுக்கிறார்கள்.

பெரியவர்கள் மட்டும் புழங்குகிற இடம் என்பதால் காதலும் அங்கே ஏராளம். அதற்கு ரீக்காவே ஒரு சட்டம் போட்டிருந்தாள். காதலர்கள் அறை வாசல்வரை போகலாம். அங்கே கதவு சாத்திக்கொள்ளும். அடுத்த வரியில் பொழுது விடிந்து காபி வாசம் வந்துவிட வேண்டும். இல்லை, கதவுக்கு அந்தப் பக்கமும் எழுதுவோம் என்று இருவர் ஆசைப்பட்டால், வேஷத்தைக் கலைத்துவிட்டு 'ஒப்பனை அறை' என்ற தனிப் பக்கத்துக்குப் போக வேண்டும். அங்கே சொந்தப் பெயரில், சொந்த வாயால், ஒருவரை ஒருவர் கேட்டுச் சம்மதம் வாங்க வேண்டும்.

அந்தச் சட்டத்தை மீறியது ரீக்காவின் தம்பி யார்மோ.

"அம்மா, மார்த்தா போயிட்டா." வென்லா கையில் போனோடு சமையலறைக்குள் வந்தாள். தலைகூட வாரவில்லை.

"எங்க போயிட்டா?"

"போயிட்டான்னா போயிட்டா. ஹில்ப்பா பேரையே எடுத்துட்டாங்க. சத்திரம் காலியாக் கிடக்கு. என்ன ஆச்சு, என்ன ஆச்சுன்னு எல்லாரும் கேக்கிறாங்க. உனக்குத் தெரியும்தானே?"

"எனக்கு எப்படித் தெரியும்?"

"உன் மூஞ்சியே சொல்லுதே. நேத்து சாயங்காலத்துலேர்ந்து பேயறைஞ்ச மாதிரி திரியறே."

வென்லாவுக்கு இருபத்துமூன்று வயது. முதியோர் இல்லத்தில் வேலை. போன வருஷத்திலிருந்து அம்மாவோடு சேர்ந்து வெளிச்சக்கரைக்கு அவளும் பொறுப்பாளர். பொறுப்பாளரிடம் மறைக்க முடியாது, மகளிடம் மறைக்கவே முடியாது. ரீக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சொல்லிவிட்டாள்.

மார்த்தா என்பது ஹில்ப்பாவின் வேஷம். துறைமுகத்தில் சத்திரம் நடத்தும் விதவை. யார்மோவின் வேஷம் ஆன்டெர்ஸ், கப்பல்களுக்கு வழி காட்டிக் கரை சேர்ப்பவன். நாலு வருஷமாக அந்த இரண்டு வேஷமும் மெல்ல மெல்ல நெருங்கி வந்ததை வெளிச்சக்கரை மொத்தமும் ஆசையாகப் படித்துக்கொண்டிருந்தது. போன வாரம் புயலில் ஆன்டெர்ஸ் சத்திரத்துக்கு வந்து சேர்ந்தான். இருவரும் அறை வாசல்வரை வந்தார்கள். கதவு சாத்தவில்லை. அந்தப் பக்கமும் யார்மோ எழுதினான், இரண்டு நாள் எழுதினான்.

"அவங்க ஒத்துக்கிட்டுத்தானே எழுதினாங்க?" வென்லா கேட்டாள். "நானும் படிச்சேனே. பதில் எழுதிக்கிட்டேதானே இருந்தாங்க?"

"நானும் அதைத்தான் கேட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

ரீக்கா ஆறிப்போன காபியைத் தள்ளி வைத்தாள். "'ஆன்டெர்ஸ் இருக்கட்டுமான்னு கேட்டான், மார்த்தா இருன்னுதான் சொல்லுவா. அவ வாயில பொய்யை வைக்க எனக்கு வரலை. ஆனா என்னை யாரும் கேக்கலையே ரீக்கா'ன்னாங்க."

வென்லா போனை மேஜைமேல் கவிழ்த்து வைத்தாள்.

"நிறுத்தறதுக்கும் பயந்தாங்களாம். கூட்டமே படிச்சுக்கிட்டிருக்கு, நடுவுல நிறுத்தினா ஏன் ஏன்னு கேப்பாங்க. அவங்க வீட்டுக்காரர் ஏப்ரல்ல செத்துப்போனாரு. ரெண்டு பேரும் படுத்த அந்தப் படுக்கையில உக்காந்துதான் எழுதியிருக்காங்க. இப்ப அந்த அறைக்குள்ள போகவே முடியலையாம். சோபாவுல படுக்கறாங்க."

"கடவுளே."

"எழுதி முடிச்சிட்டுப் போய் வாந்தி எடுத்தாங்களாம். திரும்ப வந்து பார்த்தா எல்லாரும் இதயம் இதயமா போட்டிருக்காங்க."

ரீக்காவும் போட்டிருந்தாள். போதாததற்கு, கேட்டுத்தான் எழுதியிருப்பார்கள் என்று நம்பி, பொறுப்பாளர் என்ற முறையில் அந்தக் காட்சியை முகப்பில் தூக்கி வைத்து, 'இந்த மாதம் தவறவிடக் கூடாதது' என்று நாலு வார்த்தை பாராட்டும் எழுதியிருந்தாள். வென்லா அதைச் சொல்லிக் காட்டவில்லை. சொல்லியிருந்தால்கூட ரீக்காவுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"என்ன பண்ணப்போறே?"

"காட்சியை எடுத்துட்டேன். அவன்கிட்ட பேசறேன். ஒரு மாசம் எழுதாம இருக்கட்டும். சத்தமில்லாம முடிச்சிடலாம்."

"ஒரு மாசமா?"

"வென்லா..."

"போன வருஷம் அந்தத் தாம்பரே ஊர்க்காரன் இதையேதானே பண்ணினான்? ஒரு மணி நேரத்துல தூக்கி வெளிய போட்டியே. அவன் கெஞ்சினான். சட்டம் சட்டம்தான்னு சொன்னே. அப்ப எனக்கு எவ்வளவு பெருமையா இருந்துச்சு தெரியுமா?"

"அவனுக்கு வேற போக்கிடம் இருந்திருக்கும். உன் மாமாவுக்கு என்னடி இருக்கு?"

வென்லா தலைமுடியை விரல்களால் கோதிக்கொண்டாள். அவள் மாமா செல்லம்.

யார்மோ கப்பலில் வேலை பார்த்தவன். ஸ்வீடனுக்குப் போய்வரும் கப்பலில் சரக்குச் சங்கிலி அறுந்து முதுகில் விழுந்தது. அதன்பின் வேலை போயிற்று. அதன்பின் மனைவியும் போனாள். ரீக்கா தன் வீட்டுக் கொல்லையில் சவுனா என்னும் நீராவிக் குளியலறையை ஒட்டியிருக்கும் குடிலில் அவனைக் குடிவைத்தாள். மூன்று வருஷத்துக்கு முன், ஒரு ஏப்ரல் மாதம், உறைந்த கடல் உருகத் தொடங்கி ஊரில் யாரும் கால் வைக்காத பனிக்கட்டிமேல் அவன் கடலுக்குள் நடந்து போனான். மீட்புப் படகுக்காரர்கள் இழுத்து வந்தார்கள். வழி தவறிவிட்டதாகச் சொன்னான். நாற்பது வருஷமாக அந்தக் கடலைப் பார்த்து வளர்ந்தவன்.

அன்றிலிருந்து வெளிச்சக்கரைதான் அவனைப் பிடித்து வைத்திருக்கிறது. காலையில் அங்கே போய் ஆன்டெர்ஸாகக் குட்மார்னிங் சொல்கிறான், பதிலுக்கு ஐம்பது பேர் சொல்கிறார்கள். அதைப் பிடுங்கினால் என்ன ஆகும் என்பதுதான் ரீக்காவின் பயம். பூட்டப்போவது ஒரு பெயரையா, ஒரு ஆளையா என்று அவளுக்குத் தெரியவில்லை.

"எனக்கும் பயமாத்தான் இருக்கு," வென்லா சொன்னாள். "அன்னைக்கு ஆஸ்பத்திரியில மாமா பக்கத்துல உக்காந்திருந்தவ நான்தான். ஆனா அதுக்கு ஹில்ப்பா என்ன பண்ணுவாங்கம்மா? அவங்களா மாமாவைத் தூக்கிச் சுமக்கணும்?"

"முதல்ல பேசுவோம். வா."

"நானுமா?"

"தனியா போனா நான் விட்டுக்கொடுத்துடுவேன்."

கொல்லையில் ஈரப்பனி கொட்டிக்கொண்டிருந்தது. சனிக்கிழமை ஆகையால் சவுனாவின் புகைபோக்கியில் புகை. முதுகு எப்படி வலித்தாலும் சனிக்கிழமை சவுனாவுக்கு நெருப்பு மூட்டுவது யார்மோதான். அந்த ஒன்றை யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டான்.

"வாங்க வாங்க. இப்பத்தான் பத்த வெச்சேன். கட்டை நல்லா காஞ்சிருக்கு, நாலு மணிக்கெல்லாம் சூடு ஏறிடும்." குனிந்து அடுப்புக்குள் பிர்ச் மரக் கட்டையைத் தள்ளிவிட்டு, பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். "அக்கா, ஹில்ப்பாவுக்கு உடம்பு சரியில்லையா? மார்த்தாவைக் காணோமே, அந்தக் காட்சியையும் காணோம். காலையிலேர்ந்து பார்க்கறேன். யாராவது போன் பண்ணிக் கேட்டீங்களா?"

நிஜமான கவலையோடு கேட்டான். ரீக்காவுக்கு அங்கேயே திரும்பிப் போய்விடலாம்போல இருந்தது.

"உக்காரு யார்மோ."

"நீ உக்காருன்னாலே விவகாரம்தான். என்ன, கரண்டு பில்லா?"

"ஹில்ப்பா எனக்குப் போன் பண்ணினாங்க. போயிட்டாங்க. உன்னாலதான் போனாங்க."

சிரிக்கத் தொடங்கியவன் பாதியில் நிறுத்தினான். ரீக்கா சொல்லச் சொல்ல அவன் முகம் முதலில் வெளுத்தது, பிறகு சிவந்தது.

"நான் கேட்டேனே!"

"யார்மோ..."

"கேட்டேன்க்கா! ஒரு தடவை இல்ல, மூணு தடவை. இரு, காட்டறேன். நீயே படி."

குடிலுக்குள் விறுவிறுவென்று போய்க் கணினியைத் திருப்பினான். ரீக்கா எடுத்துவிட்ட காட்சியை அவன் தன் பக்கத்தில் தனியாகச் சேமித்து வைத்திருந்தான். அவனுக்கு அது பிடித்த எழுத்து. நின்றபடியே படித்தான். படிக்கும்போது குரல் தானாக ஆன்டெர்ஸாக மாறியது.

"'புயல் அடங்கிவிட்டது, மார்த்தா. போ என்று சொன்னால் இந்த நிமிடமே படகை அவிழ்ப்பேன். என் மனம் நோகுமே என்று பார்க்காதே. இருக்கட்டுமா, போகட்டுமா?' கேட்டியாக்கா? அதுக்கு அவங்க என்ன எழுதினாங்க? 'விளக்கைத் தணித்துவிட்டு இரு.' அவங்க எழுதினது. நான் எழுதலை. அப்புறம் கதவுகிட்ட மறுபடியும் கேக்கிறான். அப்புறம்..."

"போதும் மாமா."

"நீ சொல்லு வென்லா. நிஜத்துல எவன் இப்படிக் கேக்கிறான்? என் கூட வேலை பார்த்தவனுங்க எவனாவது கேட்டிருப்பானா? ஆன்டெர்ஸை நான் அப்படி வளர்த்திருக்கேன். ஒரு பொம்பளை மேல கை வைக்கறதுக்கு முன்னாடி கேக்கிறவன் அவன்."

இதுதான் கொடுமை. யார்மோ முரடனாக இருந்திருந்தால் ரீக்காவுக்கு வேலை சுலபம். அந்தத் தாம்பரேக்காரன் அப்படி. கேட்டுக் கேட்டு எழுதிய ஒருவனிடம், நீ கேட்கவே இல்லை என்று எப்படிச் சொல்வது?

சொன்னது வென்லா.

"யாரைக் கேட்டீங்க மாமா?"

"மார்த்தாவை."

"ஹில்ப்பாவை?"

"மார்த்தான்னா ஹில்ப்பாதானே."

"அப்ப நீங்கதான் ஆன்டெர்ஸா? உங்களுக்கு முப்பத்தஞ்சு வயசா? உங்க முதுகு வலிக்காதா? மூணு பேரைப் புயல்லேர்ந்து இழுத்துக் கரை சேர்த்தீங்களா?"

யார்மோ கணினியை மூடினான்.

"மார்த்தா புருஷன் செத்துப் பத்து வருஷமாச்சு. கதையில. அவளுக்கு ஆன்டெர்ஸ் வேணும். ஹில்ப்பாவோட புருஷன் ஏப்ரல்ல செத்தாரு. அது உங்களுக்குத் தெரியும். ஒப்பனை அறையில நீங்கதானே முதல்ல ஆறுதல் சொன்னீங்க? நாலு நாள் உக்காந்து பேசினீங்க. அதே இடத்துக்குப் போய், 'ஹில்ப்பா, இதை நான் எழுதலாமா, உங்களுக்குத் தாங்குமா'ன்னு கேக்க எத்தனை நிமிஷம் ஆகும்?"

"நடுவுல வேஷத்தைக் கலைச்சா ஓட்டமே கெட்டுப்போயிடும்..."

"அதுதான் காரணமா?" ரீக்கா கேட்டாள்.

அடுப்பில் கட்டை வெடித்தது. அவன் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். பார்க்க ஒன்றும் இல்லை. வந்து கட்டில் விளிம்பில் உட்கார்ந்தான்.

"இல்ல," என்றான்.

கையில் ஒட்டியிருந்த கரியைக் கால்சட்டையில் துடைத்தான்.

"ஆன்டெர்ஸை வேண்டாம்னு சொன்னா எனக்கு ஒண்ணும் ஆகாதுக்கா. அவன் படகை அவிழ்த்துக்கிட்டுப் போயிடுவான். அடுத்த நாள் நான் வேற காட்சி எழுதுவேன். ஆனா ஒப்பனை அறைக்குப் போய் நான் கேட்டு, ஹில்ப்பா வேண்டாம்னு சொன்னா? அது என்னைச் சொல்றது. இந்த யார்மோவை. அதான் அவனை அனுப்பிக் கேட்டேன்."

ரீக்காவுக்கு அவனை ஓங்கி ஒரு அறை அறையலாம்போல இருந்தது. அவன் தலையை மடியில் வைத்துக்கொள்ளலாம்போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் நின்றாள்.

"வாந்தி எடுத்தாங்களா?" தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டான்.

"ஆமா."

"எழுதிக்கிட்டேவா?"

"எழுதி முடிச்சிட்டு."

"நான் அவங்க பதிலைப் படிச்சு எவ்வளவு சந்தோஷப்பட்டேன் தெரியுமா?" கைகளால் முகத்தை மூடிக்கொண்டான். வென்லா ஒரு அடி முன்னால் போனாள். ரீக்கா கண்ணாலேயே அவளை நிறுத்தினாள்.

கொஞ்ச நேரம் கழித்து அவனே கையை எடுத்தான். அவன் முகத்தில் இப்போது வேறு ஒன்று இருந்தது. இருட்டில் இல்லாத படியில் கால் வைத்தவன் முகம் அது.

"அக்கா. எனக்கு எப்பவுமே இப்படித்தான் கேக்கத் தெரியும்."

"எப்பவுமேன்னா?"

"ஆரம்பத்துலேர்ந்து. யார் கூட எழுதினாலும். ஒப்பனை அறையில நான் யாரையும் கேட்டதே இல்ல. வேஷத்தை அனுப்பித்தான் கேப்பேன். அழகா கேப்பேன். எல்லாரும் சரின்னுதான் எழுதியிருக்காங்க."

வென்லா சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"அப்ப ஊல்லா?" யார்மோ கேட்டான். "ஊல்லா அதனாலதான் போனாளா?"

அந்தப் பெயரை அந்த வீட்டில் யாரும் சொல்வதில்லை. வெளிச்சக்கரையை ரீக்காவோடு சேர்ந்து கட்டியவள் ஊல்லா. இருவரும் ஒரே பள்ளிக்கூடம், ஒரே பெஞ்சு. வென்லாவுக்குப் பெயர் வைத்த அன்று குழந்தையைக் கையில் ஏந்தி நின்றவள். மூன்று வருஷத்துக்கு முன் ஒரு நாள், வேலை அதிகம் என்று ஒரே ஒரு வரி எழுதிவிட்டு எல்லாவற்றையும் விட்டுப் போய்விட்டாள். வீட்டுக்கு வருவதையும் நிறுத்தினாள். ஏன் என்று கேட்க ரீக்காவுக்குக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. சந்தையில் அவளை எதிரே பார்த்தால் ரீக்கா மீன் பெட்டியைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொள்வாள். நன்றி கெட்டவள் என்று மனதுக்குள் எத்தனையோ தடவை திட்டியிருக்கிறாள்.

"அவ கூட நீ அப்படி எழுதினியா?"

"அவ பள்ளிக்கூட டீச்சரா இருந்தாளே கதையில. அப்ப நான் மருந்துக்கடைக்காரனாவும் ஒரு வேஷம் போட்டிருந்தேன். ஒரு குளிர்காலம் முழுக்க எழுதினோம்." அவன் குரல் இறங்கியது. "அப்புறம் அவ நின்னுட்டா."

ரீக்கா திரும்பி நடந்தாள். பின்னால் வென்லா கூப்பிட்டது காதில் விழவில்லை. கொல்லையைத் தாண்டி, காலணியைக் கழற்றி, ஈரக் காலுறையோடு சமையலறைக்குள் போய் மேஜைமேல் இருந்த கணினியைத் திறந்தாள். பொறுப்பாளர் பக்கம். யார்மோவின் பெயர். பக்கத்தில் 'வெளியேற்று' என்ற பொத்தான். அழுத்தினால் ஒரு நொடி வேலை.

அழுத்தவில்லை. போனை எடுத்தாள். ஊல்லாவின் எண் இன்னும் அதில் இருந்தது. அழிக்க எத்தனையோ தடவை நினைத்தும் அழிக்கவில்லை.

நாலாவது தடவை மணி அடித்ததும் ஊல்லா எடுத்தாள்.

"ரீக்காவா? யாராவது செத்துட்டாங்களா?"

"இல்ல."

"அப்ப எதுக்குக் கூப்பிடறே?"

"யார்மோவைப் பத்திக் கேக்கணும்."

அந்தப் பக்கம் எங்கோ ஒரு வானொலி பாடிக்கொண்டிருந்தது. யாரோ அதை அணைத்தார்கள்.

"இதைக் கேக்க உனக்கு மூணு வருஷமாச்சா?" என்றாள் ஊல்லா.

"நீ சொல்லியிருக்கலாமே ஊல்லா. ஒரு வார்த்தை."

"யார்கிட்ட? ஏதாவது ஆச்சுன்னா பொறுப்பாளர்கிட்ட சொல்லணும். சட்டம் நாமதானே எழுதினோம். பொறுப்பாளர் யாரு? நானு, இல்லாட்டி அவன் அக்கா."

"நான் கேட்டிருப்பேன்."

"கேட்டிருக்க மாட்டே. அவன் எழுதினதைப் படிச்சிட்டு நீ எனக்குப் போன் பண்ணி எவ்வளவு நேரம் சிலாகிச்சே, ஞாபகம் இருக்கா? நான் இந்தப் பக்கம் வாயைப் பொத்திக்கிட்டு நின்னேன்." ஊல்லா மூச்சு வாங்கினாள். "அப்படியும் சொல்லிடலாம்னு ஒரு நாள் கிளம்பி வந்தேன். உன் வாசல்ல போலீஸ் வண்டி. பக்கத்து வீட்டுக்காரர்தான் சொன்னாரு, தம்பியைக் கடல்லேர்ந்து இழுத்துட்டு வந்திருக்காங்கன்னு. அப்படியே திரும்பிப் போயிட்டேன். அப்புறம் எப்படிச் சொல்றது? நான் சொல்லி அவன் மறுபடியும் போயிட்டா? அவன் உயிரோட இருக்கணும்னு நான் வாயை மூடிக்கிட்டேன். நீ என்னடான்னா சந்தையில என்னைப் பார்த்தா மீனைப் பார்க்கறே."

ரீக்கா அழுதாள். மூன்று வருஷமாக யாரைத் திட்டியிருக்கிறாள், யாரைப் பொத்தி வைத்திருக்கிறாள்! காலையில் தான் பயந்த அதே பயத்தை ஊல்லா ஒண்டியாகச் சுமந்திருக்கிறாள். அந்தப் பயத்தால்தான் ஹில்ப்பாவின் முறை வந்தது. நடுவில் இன்னும் யார் யாரோ.

"அவன் இன்னும் அங்க எழுதறானா?" ஊல்லா கேட்டாள்.

கணினி எதிரே திறந்து கிடந்தது. இதற்குப் பதில் தெரியாது என்று சொல்ல வழியில்லை.

"இல்ல," என்று சொல்லிவிட்டுப் பொத்தானை அழுத்தினாள். "இனிமே இல்ல."

பின்னால் தரைப் பலகை முனகியது. யார்மோ வாசலில் நின்றான். காலணியோடு நின்றான். பனி உருகி மிதியடியில் சொட்டிக்கொண்டிருந்தது. அவன் தோளுக்குப் பின்னால் வென்லா.

கேட்டுவிட்டான் என்பது முகத்தில் தெரிந்தது. ரீக்கா எதையோ சொல்ல வாயெடுத்தாள். அவன் கையை உயர்த்தி வேண்டாம் என்றான். கோபம் இல்லை. குரல் மட்டும் கரகரத்தது.

"ஊல்லாவாக்கா?"

தலையாட்டினாள்.

"நான் அவகிட்ட ஒரு நிமிஷம் பேசலாமான்னு கேளு. மன்னிப்புக் கேக்கணும். நான் கேக்கறேன்னு சொல்லு. யார்மோ கேக்கறான்னு சொல்லு."

ரீக்கா போனைக் காதில் வைத்தாள். "யார்மோ இங்க நிக்கறான். உன்கூட ஒரு நிமிஷம் பேசலாமான்னு கேக்கறான்."

அந்தப் பக்கம் ஒரு நாற்காலி இழுபட்டது.

"வேண்டாம்," என்றாள் ஊல்லா.

அதை எப்படிச் சொல்வது என்று ரீக்கா தடுமாறினாள். கொஞ்சம் பஞ்சு வைத்துச் சொல்லலாமா, அப்புறம் பேசறாளாம் என்று சொல்லலாமா? தம்பியின் முகத்தைப் பார்த்தாள். அவன் காத்திருந்தான்.

"வேண்டாம்னு சொல்றா."

யார்மோ அதை வாங்கிக்கொண்டான். "இல்ல, ஒரே ஒரு வார்த்தை" என்று கெஞ்சப்போகிறான் என்று ரீக்கா எதிர்பார்த்தாள். கெஞ்சவில்லை.

"சரி," என்றான்.

திரும்பிக் கதவைத் திறந்துகொண்டு வெளியே போனான். வென்லா கைக்குக் கிடைத்த கோட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு பின்னாலேயே ஓடினாள். ரீக்கா ஜன்னலுக்கு வந்தாள். யார்மோ குடில் பக்கம் போகவில்லை. சவுனாவைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், படலைத் திறந்து தெருவில் இறங்கினான். ரீக்காவுக்கு அந்த ஏப்ரல் மாதத்துப் பனி ஞாபகம் வந்தது.

"என்ன சொன்னான்?" போனில் ஊல்லா கேட்டாள்.

"சரின்னான்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். சரின்னு சொல்லிட்டுப் போயிட்டான்."

அந்தப் பக்கம் ஊல்லா அழத் தொடங்கினாள். ஜன்னலுக்கு வெளியே வென்லாவின் கோட்டும் தெருமுனை தாண்டி மறைந்தது. போனை வைக்கவும் முடியாமல், ஓடவும் முடியாமல், ஈரக் காலுறையோடு ரீக்கா நடு வீட்டில் நின்றுகொண்டிருந்தாள்.